புல்லட் விசையுந்தின் வீட்டுப் பராமரிப்பு

புல்லட் விசையுந்தின் வீட்டுப் பராமரிப்பு என்பது, வார்ப்பிரும்பு உருளை கொண்ட பழைய என்ஃபீல்ட் புல்லட் விசையுந்துகளை (மோட்டார் சைக்கிள்களை) அவற்றின் உரிமையாளரே எளிய கருவிகளைக் கொண்டு சரிபார்த்து, சீரமைத்து, ஓடும் நிலையில் வைத்திருக்கும் பணியைக் குறிக்கும். இவ்வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடு இல்லை. தேய்மானத்தால் மாறும் அளவுகளை அவ்வப்போது கையாலேயே திருத்திக்கொள்ளும் வகையில் இவை வடிவமைக்கப்பட்டன. எனவே இவற்றில் தோன்றும் பழுதுகளில் பல, உறுப்பு உடைந்ததால் அல்லாமல் ஓர் இடைவெளி கூடியதாலோ குறைந்ததாலோ ஏற்படுபவை ஆகும். இக்கட்டுரை 346 சிசி கொள்ளளவு கொண்ட புல்லட் 350 வகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

ராயல் என்ஃபீல்ட், இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய நிறுவனம் ஆகும். புல்லட் என்னும் பெயர் 1932 முதல் வழங்கி வருகிறது. இந்தியாவில் பரவலாக அறியப்படும் புல்லட்டின் அடிப்படை வடிவம் 1940களின் இறுதியில் உருவானது. இந்தியப் படைத்துறை எல்லைக் காவலுக்காக இவ்வண்டிகளைக் கேட்டதைத் தொடர்ந்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் இதன் தொழிற்சாலை அமைந்தது. முதலில் உதிரிப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டுப் பூட்டப்பட்டன. பின்னர் பாகங்கள் அனைத்தும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. ஆனால் திருவொற்றியூரில் அதே அடிப்படை எந்திரம் சிறு மாற்றங்களுடன் தொடர்ந்து செய்யப்பட்டது. 1994-இல் என்ஃபீல்ட் இந்தியா ஐஷர் குழுமத்துடன் இணைந்தது. 2008-க்குப் பின் எந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய வகை அறிமுகமாகி, 2010-ஆம் ஆண்டளவில் வார்ப்பிரும்பு எந்திரத்தின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதும் மாறாமல் செய்யப்பட்டதால், பல பாகங்கள் வெவ்வேறு ஆண்டுகளின் வண்டிகளுக்கும் பொருந்துகின்றன. பழைய புல்லட்டுகள் இன்றும் ஓடுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும்.

அமைப்பு

புல்லட் 350 எந்திரம் ஒற்றை உருளையும் நான்கு வீச்சும் கொண்டது. உருளையின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தொலைவு 90 மி.மீ. ஆகும். இது காற்றால் குளிர்விக்கப்படுகிறது. உருளை வார்ப்பிரும்பாலும் அதன் மேல்மூடி (ஹெட்) அலுமினியத்தாலும் ஆனவை. பற்சக்கரப் பெட்டி எந்திரத்திலிருந்து தனியாக உள்ளது. இரண்டையும் இடப்பக்கத்தில் எண்ணெயில் ஓடும் முதன்மைச் சங்கிலி இணைக்கிறது.

பழைய வண்டிகளில் பல மரைகள் மெட்ரிக் அளவில் அல்லாமல் பிரித்தானிய அளவில் வெட்டப்பட்டவை. இவற்றில் மெட்ரிக் ஸ்பேனரைப் பயன்படுத்தினால் அது சற்றே தளர்வாகப் பிடித்து, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பழைய புல்லட்டுகளில் காணப்படும் சிதைந்த நட்டுகளுக்கு இது பெரும்பாலும் காரணமாகிறது.

தேவையான கருவிகள்

* பிரித்தானிய அளவு ஸ்பேனர்கள், அவற்றுடன் பொதுவான மெட்ரிக் ஸ்பேனர்கள்
* பிளக் ஸ்பேனர்
* இடைவெளி அளக்கும் தகடுகள் (ஃபில்லர் கேஜ்)
* திருப்புளிகள், குறடு
* மின்னோட்டம் அறிய 12 வோல்ட் சோதனை விளக்கு (மிகப் பழைய வண்டிகளுக்கு 6 வோல்ட்)
* மிக நுண்ணிய உப்புத்தாள், பஞ்சுத் துணி, மண்ணெண்ணெய்
* குறிப்பேடு

குறிப்பேடு கருவிகளுள் ஒன்றாகவே கருதத்தக்கது. எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், எந்த அளவு எவ்வாறு இருந்தது என்று எழுதி வைத்தால், அடுத்த முறை அது எவ்வளவு மாறியுள்ளது என்பது தெரியும். ஓர் அளவு வழக்கத்தைவிட விரைவாக மாறுமாயின், அவ்விடத்தில் உறுப்பு தேய்ந்து வருகிறது என்று பொருள்.

முதன்மையான அளவுகள்

பாயிண்ட் வகைத் தீமூட்டல் கொண்ட புல்லட் 350-க்கு வழக்கில் உள்ள அளவுகள் பின்வருமாறு:

* பாயிண்ட் இடைவெளி: 0.35 முதல் 0.40 மி.மீ.
* பிளக் இடைவெளி: ஏறத்தாழ 0.5 மி.மீ.
* டேப்பட் இடைவெளி: எந்திரம் குளிர்ந்த நிலையில் சுழியம்
* தீமூட்டும் நேரம்: பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 0.8 மி.மீ. முன்
* முதன்மைச் சங்கிலியின் தளர்வு: ஏறத்தாழ 6 மி.மீ.
* பின்சங்கிலியின் தளர்வு: 20 முதல் 25 மி.மீ.
* கிளட்ச் கைப்பிடியின் வெற்றசைவு: 2 முதல் 3 மி.மீ.

ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் ஆண்டுக்கேற்பச் சில அளவுகள் வேறுபடுவதால், வண்டிக்குரிய கையேட்டில் உள்ள அளவே இறுதியானதாகக் கொள்ளப்பட வேண்டும்.

தீமூட்டல்

பாயிண்ட் என்பது, மின்சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை உரிய நொடியில் துண்டிக்கும் ஒரு சிறு இணைப்பு ஆகும். அது திறக்கும்போது மின்சுருளில் உயர் மின்னழுத்தம் தோன்றி, பிளக்கின் முனையில் தீப்பொறி உண்டாகிறது. பாயிண்டை அசைக்கும் நார்ப்பொருளாலான குதி நாளடைவில் தேய்வதால் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும்; தீப்பொறியும் தாமதமாகவே எழும். அதனால் வண்டி வலுவிழந்து அதிகமாகச் சூடேறும். இடைவெளி கூடினால் இதற்கு நேர்மாறாகத் தீப்பொறி முந்தி எழும்.

ஆகவே முதலில் இடைவெளியையும், அதன் பின்னரே தீமூட்டும் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் முதலில் செய்த வேலை வீணாகும். நேரத்தைச் சரிபார்க்க, பிளக்கைக் கழற்றி, அதன் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பிஸ்டனின் உச்சநிலை அறியப்படுகிறது. கம்பி உள்ளே சிக்காதவாறு எந்திரத்தை மெல்லவே சுழற்ற வேண்டும். பின்னர் பாயிண்டின் இரு முனைகளுக்கிடையே ஒரு மெல்லிய தாளை வைத்து, உயர் கியரில் பின்சக்கரத்தை ஓடும் திசையில் மெதுவாகச் சுழற்றுவர். தாள் எந்தக் கணத்தில் தளர்ந்து வெளியே வருகிறதோ, அக்கணமே பாயிண்ட் திறக்கும் நேரம் ஆகும். அது உச்சிக்கு 0.8 மி.மீ. முன் அமையுமாறு பாயிண்ட் தட்டைத் திருப்பிப் பொருத்துகின்றனர்.

பாயிண்ட் முனைகள் விரைவில் கருகிக் குழிவிழுந்தால், இணையாக உள்ள கண்டன்சர் பழுதடைந்திருக்கலாம். முனைகளை மட்டும் தேய்த்துத் தூய்மை செய்வது இதற்குத் தீர்வாகாது.

டேப்பட்

வால்வுகளைத் திறக்கும் தள்ளுதண்டுகளின் அடியில் டேப்பட்டுகள் உள்ளன. இவை உருளையின் வலப்பக்கத்தில் ஒரு சிறு மூடியின் பின்னால் அமைந்துள்ளன. எந்திரம் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது, அழுத்தவீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி இவற்றைச் சரிபார்க்க வேண்டும். தள்ளுதண்டு விரலால் எளிதாகச் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் அசையக் கூடாது. இந்நிலையே சுழிய இடைவெளி எனப்படுகிறது. எந்திரம் சூடேறும்போது உருளையும் ஹெட்டும் விரிவதால் தேவையான இடைவெளி தானாகவே உண்டாகிறது.

டேப்பட் தளர்வாக இருந்தால் டிக் டிக் என்னும் ஓசை கேட்கும். இறுக்கமாக இருந்தால் ஓசை எதுவும் இராது. ஆனால் வால்வு முழுமையாக மூடாமல், அழுத்தம் குறைந்து, நாளடைவில் வால்வே கருகிவிடும். எனவே ஓசையை அடக்குவதற்காக டேப்பட்டை இறுக்குவது தவறான பழக்கம் ஆகும்.

எண்ணெய்

எந்திர எண்ணெய் எந்திரக் கூட்டிலேயே ஒரு தனி அறையில் உள்ளது. ஒரு பம்பு எண்ணெயை உட்செலுத்துகிறது. மற்றொன்று அதனைத் திரும்ப அறைக்குக் கொண்டுவருகிறது. பழைய எந்திரங்களில் இணைப்புத்தண்டின் பெருமுனை, உருளைத் தாங்கிகளில் அல்லாமல் மிதக்கும் புஷ் ஒன்றில் சுழல்கிறது. தூய எண்ணெய் தொடர்ந்து கிடைக்காவிடில் இப்புஷ் விரைவில் தேய்ந்துவிடும். 20டபிள்யூ50 தர எண்ணெய் பரவலாகப் பயன்படுகிறது. ஏறத்தாழ 3000 கி.மீ.க்கு ஒருமுறையும், ஓட்டம் குறைவாயின் ஆண்டுக்கு ஒருமுறையும் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவது நன்று.

வண்டி பல நாட்கள் நின்றிருந்தால், எண்ணெய் பம்பின் வழியே கசிந்து கீழறையில் சேரும். அப்போது அளவுகோலில் எண்ணெய் குறைவாகத் தெரியும். குறைந்துவிட்டதென எண்ணி மேலும் ஊற்றினால் எண்ணெய் மிகையாகி, மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். எனவே எந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்திய பின்னரே எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டி முதலில் மிகுந்த புகையைக் கக்குவதற்கும் இக்கசிவே காரணம். சில நிமிடங்களில் புகை அடங்கினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

கார்புரேட்டரும் பெட்ரோலும்

பிற்காலப் புல்லட் 350 வண்டிகளில் 24 மி.மீ. அளவுள்ள மிக்கார்ப் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. நீண்ட நாள் நின்ற வண்டி உயிர்பெற மறுப்பதற்கு, பெட்ரோல் ஆவியானபின் எஞ்சும் பிசின் சிறுவேகத் துளையை (பைலட் ஜெட்) அடைப்பது அடிக்கடி காரணமாகிறது. இத்துளையைக் காற்றழுத்தத்தாலும் தூய்மைத் திரவத்தாலும் துப்புரவு செய்ய வேண்டும். ஊசியாலோ கம்பியாலோ குத்தினால் துளை பெரிதாகி, எரிபொருள் கலவை நிலையாகக் கெட்டுவிடும்.

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. பழைய புல்லட்டுகள் இத்தகைய எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வகை ரப்பர் குழாய்களையும் அடைப்பான்களையும் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாயை ஆண்டுதோறும் சோதிப்பதும், எத்தனாலைத் தாங்கும் ரப்பர் பாகங்களைப் பொருத்துவதும், வண்டியை நிறுத்தி வைக்கும் முன் பெட்ரோல் குழாயை மூடிக் கார்புரேட்டரிலுள்ள எரிபொருள் தீரும்வரை ஓட்டுவதும் தேவையாகின்றன.

சங்கிலி, கிளட்ச், பிரேக்

பின்சங்கிலி சீராகத் தேய்வதில்லை. எனவே சக்கரத்தைச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தைக் கண்டறிந்து அங்கேயே தளர்வை அளக்க வேண்டும். பின்அச்சின் இருபுறமும் நத்தை வடிவச் சரிசெய்தட்டுகள் உள்ளன. இரண்டும் ஒரே எண்ணிக்கைப் பல்லில் நின்றால்தான் சக்கரம் நேராக அமையும். சங்கிலியின் பூட்டுத்தகடு பொருத்தப்படும்போது அதன் மூடிய முனை சங்கிலி நகரும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

சங்கிலியை இறுக்கும்போது பின்சக்கரம் பின்னோக்கி நகர்வதால் பிரேக் கம்பியின் அளவும் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் சங்கிலிக்குப் பின் பிரேக்கைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. பழைய புல்லட்டின் டிரம் பிரேக்குகள் இக்கால வட்டு பிரேக்குகளைவிடத் திறன் குறைந்தவை. அவற்றில் எண்ணெயோ கிரீசோ படிந்தால் அத்திறனும் இழக்கப்படும். எண்ணெய் ஊறிய பிரேக் கட்டைகளைத் துடைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.

உதைத்து இயக்கும் முறை

புல்லட்டை இயக்க உடல்வலிமையைவிட வரிசையே முக்கியம். சாவியைத் திருப்பியபின் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் கடுமையான எதிர்ப்புத் தோன்றும். அங்கு நிறுத்தி, அழுத்தக்குறைப்பு நெம்பை (டீகம்ப்ரஷர்) இழுத்துக்கொண்டு கிக்கரைச் சற்றே கீழே நகர்த்த வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது அம்மீட்டர் முள் கழித்தல் குறியின் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் நடுவுக்கு வந்து பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டியதும், நெம்பையும் கிக்கரையும் விட்டுவிட்டு, மீண்டும் முழுவீச்சில் ஒருமுறை உதைக்க வேண்டும்.

உச்சிக்கு முன்னரே அரைகுறையாக உதைத்தாலோ, தீமூட்டும் நேரம் மிக முந்தியிருந்தாலோ, எந்திரம் எதிர்த்திசையில் சுழன்று கிக்கரைத் திருப்பி அடிக்கும். இதனால் கணுக்காலிலும் முழங்காலிலும் கடுமையான காயம் ஏற்படக்கூடும். உறுதியான காலணி அணிவதும், முழங்காலை விறைப்பாக வைக்காமல் இருப்பதும் தேவை.

பழுது கண்டறிதல்

எந்திரம் இயங்க அழுத்தம், தீப்பொறி, எரிபொருள் ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றில் எது இல்லை என்று முதலில் அறிந்த பின்னரே எதனையும் கழற்ற வேண்டும்.

* கிக்கர் எதிர்ப்பின்றி இறங்குதல்: டேப்பட் இறுக்கம், டீகம்ப்ரஷர் முழுமையாக மூடாமை, பிஸ்டன் வளையத் தேய்மானம்.
* சாவியைத் திருப்பியும் எந்த நிலையிலும் அம்மீட்டர் முள் அசையாமை: மின்கல இணைப்பு, உருகி, பாயிண்ட் முனைகளின் அழுக்கு.
* பிளக் ஈரமாக இருத்தல்: எரிபொருள் வருகிறது; தீப்பொறி இல்லை அல்லது எரிபொருள் மிகை.
* பிளக் உலர்ந்திருத்தல்: பெட்ரோல் குழாய் அல்லது கார்புரேட்டர் அடைப்பு.
* சில கிலோமீட்டர் ஓடியபின் நின்றுபோதல்: பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைப்பு, மூடியைத் திறந்தவுடன் வண்டி இயங்கினால் இதுவே காரணம். இல்லையெனில் சூட்டில் செயலிழக்கும் கண்டன்சரையோ மின்சுருளையோ சோதிக்க வேண்டும்.
* நீலப்புகை தொடர்ந்து வருதல்: வளையத் தேய்மானம் அல்லது வால்வு வழிகாட்டித் தேய்மானம்.

பிளக் முனையின் நிறமும் எந்திரத்தின் நிலையைக் காட்டும். வெளிர் பழுப்பு நிறம் சரியான எரிதலையும், உலர்ந்த கரி மிகையான பெட்ரோலையும், வெண்ணிறம் குறைவான பெட்ரோலையும், எண்ணெய்ப் பிசுக்கு உருளைக்குள் எண்ணெய் புகுவதையும் குறிக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து சோதிப்பது நல்ல முறை ஆகும். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்தபின் வண்டி இயங்கினாலும் எதனால் இயங்கியது என்று தெரியாது. இயங்காவிட்டால் புதிய பிழை சேர்ந்ததா என்பதும் தெரியாது.

பாதுகாப்பு

பழைய பிரேக் மற்றும் கிளட்ச் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கும். டிரம்மைத் திறக்கும்போது வாயால் ஊதுவதும் காற்றழுத்தத்தால் அடிப்பதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி அகற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையும் விளக்கையும் எட்டும். தீப்பொறியைச் சோதிக்கும்போது கழற்றிய பிளக்கை அதன் துளையிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். மூடிய அறையில் எந்திரத்தை ஓட்டினால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரிழப்பு நேரலாம். கழிவு எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், அதனைச் சேகரிக்கும் இடங்களில் ஒப்படைக்க வேண்டும்.

பட்டறைக்கு விட வேண்டியவை

உருளையைத் துளைத்துப் பெரிதாக்கி அளவு கூடிய பிஸ்டன் பொருத்துதல், பெருமுனைப் புஷ்ஷை மாற்றுதல், வணரித்தண்டை நேராக்குதல், வளைந்த சட்டத்தைச் சீர்செய்தல் ஆகியவற்றுக்குக் கடைசல் எந்திரமும் நுண் அளவுக் கருவிகளும் தேவை. இவற்றை வீட்டில் செய்ய முயல்வது பொருள் இழப்புக்கும் விபத்துக்கும் வழிவகுக்கும். ஆயினும் தேய்ந்த உறுப்பின் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிச் செல்லும் உரிமையாளர், பட்டறையில் எது செய்யப்பட வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தெளிவாகக் கூற இயலும்.

உதிரிப் பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டை, தில்லி கரோல் பாக் போன்ற சந்தைகளில் கிடைக்கின்றன. புதிய பாகம் என்பதாலேயே அது சரியானது என்று கொள்ள முடியாது. பழைய பாகத்துடன் அருகருகே வைத்து ஒப்பிட்டபின் பொருத்துவதே நலம். பழையதை உடனே எறிந்துவிடாமல் இருப்பதும் நல்ல பழக்கம் ஆகும்.

சட்ட நிலை

இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தனியார் விசையுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும்போது வண்டி ஓடும் தகுதியில் உள்ளதா என்று பார்க்கப்படுவதோடு, எந்திர எண்ணும் சட்ட எண்ணும் ஆவணத்துடன் ஒப்பிடப்படுகின்றன. ஆகவே வேறு எந்திரக் கூட்டை மாற்றிப் பொருத்துவோர் முன்னரே பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பெரிதும் மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவதற்கான தனி விதிகள் 2021-இல் நடைமுறைக்கு வந்தன. அவ்வாறு பதிவான வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது.

இவற்றையும் பார்க்க

* ராயல் என்ஃபீல்ட்
* உள் எரி பொறி
* கார்புரேட்டர்
* டிரம் பிரேக்
* திருவொற்றியூர்